அரை, கால், அரைக்கால், வீசம்: ஒரு ஐபி பிளாக்கைச் சப்நெட்களாகப் பிரிக்க முழு வழிகாட்டி

தைப்பூசக் காவடி அன்று காலை பத்து மணி இருக்கும். ரோஸ் ஹில் பக்கம் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் ஒரு கோயில் கட்டிடத்திலிருந்து குருக்கள் கூப்பிட்டார். "தம்பி, அர்ச்சனை ரசீது அடிக்க மாட்டேங்குது. வரிசை வாசலைத் தாண்டிடுச்சு, சீக்கிரம் வாங்க." மொரிசியஸில் காவடிக்கு அரசு விடுமுறை. தீவில் எந்தத் தமிழ்க் கோயிலுக்குப் போனாலும் அன்று கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் அலுவலகக் கணினியைத் திறந்தேன். அதன் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. அதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. முகவரி கேட்டும் யாரும் கொடுக்காததால் கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருந்தது.

கட்டிடம் முழுவதும் ஒரே நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம், கேமராக்கள், மாடியில் நடக்கும் தமிழ் வகுப்பின் கணினிகள், வந்தவர்களுக்கான வைஃபை எல்லாமே அதில்தான். ரூட்டர் கொடுப்பதற்கென்று ஒதுக்கியிருந்தது 100 முகவரிகள். ஒருவர் வாங்கினால் 24 மணி நேரத்துக்கு அது அவருடையது. காலையில் வந்து தீபாராதனை பார்த்துவிட்டுப் போனவரின் கைபேசி, அவர் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருந்தது. இடையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. அலுவலகக் கணினி மறுபடி எழுந்து முகவரி கேட்டபோது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்கு அந்தக் கணினிக்குக் கையாலேயே ஒரு முகவரி போட்டு ரசீதை ஓடவைத்தேன். அடுத்த வாரம் உட்கார்ந்து நெட்வொர்க்கைப் பிரித்தேன். அந்தப் பிரிப்பை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது ஒரு சிறிய பள்ளிக்கூடமாகவோ, மருந்துக்கடையாகவோ, நாலு அறை அலுவலகமாகவோ இருக்கலாம். எண்கள் மாறும், முறை மாறாது.

நமக்குத் தெரிந்த பின்னம்தான்

சப்நெட், அதாவது ஒரு பெரிய நெட்வொர்க்கிலிருந்து பிரித்த சிறு நெட்வொர்க், என்றதும் பலர் பயப்படுவது அந்த சாய்கோடு எண்களைப் பார்த்துத்தான். /25, /26, /27 என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் தமிழில் பழைய பின்ன வாய்ப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கணக்கு. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி. 1/2, 1/4, 1/8, 1/16, 1/32. சப்நெட்டும் இதே பாதியாக்கல்தான். மூன்று சமப் பங்காகவோ ஐந்து சமப் பங்காகவோ போட இங்கே வழியில்லை, பாதிக்குப் பாதிதான்.

ஒரு /24 பிளாக்கில், அதாவது தொடர்ச்சியான முகவரித் தொகுப்பில், 256 முகவரிகள். அதை முழுசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

/25 என்றால் அரை, 128 முகவரி, மாஸ்க் 255.255.255.128
/26 என்றால் கால், 64 முகவரி, மாஸ்க் 255.255.255.192
/27 என்றால் அரைக்கால், 32 முகவரி, மாஸ்க் 255.255.255.224
/28 என்றால் வீசம், 16 முகவரி, மாஸ்க் 255.255.255.240
/29 என்றால் அரைவீசம், 8 முகவரி, மாஸ்க் 255.255.255.248
/30 என்றால் கால்வீசம், 4 முகவரி, மாஸ்க் 255.255.255.252

ஒவ்வொரு பங்கிலும் முதல் முகவரி அந்தப் பங்கின் பெயர், அதாவது நெட்வொர்க் முகவரி. கடைசி முகவரி பிராட்காஸ்ட், எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிட. இந்த இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்க முடியாது. அதனால் 128-ல் 126, 64-ல் 62, 32-ல் 30, 16-ல் 14, 8-ல் 6, 4-ல் 2 மட்டுமே கையில் நிற்கும். அதிலும் ஒன்று ரூட்டருக்குப் போய்விடும். அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

மாஸ்க்கின் உள்ளே

ஐபி முகவரி 32 பிட் கொண்டது. எட்டு எட்டாக நான்கு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் இடமதிப்பு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பழைய தமிழ் எண் எழுத்தில் பத்துக்கும் நூறுக்கும் தனித்தனிக் குறி உண்டு. மாடி வகுப்புப் பிள்ளைகள் 25-ஐ ௨௰௫ என்று எழுதிப் பழகுவார்கள். இரண்டு பத்து, ஓர் ஐந்து. பிட் கணக்கும் அப்படித்தான், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் 'உண்டு' அல்லது 'இல்லை' மட்டும். 192 என்றால் 128 உண்டு, 64 உண்டு, மற்றவை இல்லை: 11000000. 224 என்றால் இன்னும் ஒரு 32 சேர்ந்தது: 11100000.

மாஸ்க்கில் 1 இருக்கும் இடங்கள் நெட்வொர்க்கைச் சொல்கின்றன, 0 இருக்கும் இடங்கள் கருவியைச் சொல்கின்றன. /26 என்பது இடப்பக்கத்திலிருந்து 26 ஒன்றுகள். மிச்சம் 6 பிட், 2-இன் அடுக்கு 6, அதாவது 64.

ஒரு கணினி இன்னொன்றுக்கு எதையாவது அனுப்பும்போது தன் முகவரியையும் எதிராளியின் முகவரியையும் தன் மாஸ்க்கால் மூடிப் பார்க்கும். ஒன்றுகள் நிற்கும் பகுதி இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் 'இவர் நம் தெருக்காரர்' என்று முடிவுசெய்து நேரடியாகக் கூப்பிடும். இல்லையென்றால் கேட்வேயிடம், அதாவது ரூட்டரிடம், கொடுத்துவிடும். இந்த முடிவைத் தன்னிடம் இருக்கும் மாஸ்க்கை வைத்து மட்டுமே எடுக்கிறது. எதிராளியின் மாஸ்க் என்னவென்று அதற்குத் தெரியாது. இதை மனதில் வையுங்கள், பின்னால் ஒரு பிரிண்டர் கதையில் வேண்டியிருக்கும்.

நான் தினமும் செய்யும் மனக்கணக்கு இதுதான்: மாஸ்க்கின் கடைசித் துண்டை 256-லிருந்து கழியுங்கள். வருவதுதான் பங்கின் அளவு. 10.27.40.205, மாஸ்க் 255.255.255.224 என்று ஒரு கருவி இருக்கிறது. 256-ல் 224 போனால் 32. எனவே 0, 32, 64, 96, 128, 160, 192, 224 என்று பங்குகள் தொடங்கும். 205 என்பது 192-க்கும் 224-க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 192, பிராட்காஸ்ட் 223, கருவிகளுக்கு 193 முதல் 222 வரை. தாளில் பைனரி எழுதத் தேவையே இல்லை.

மூன்றாம் துண்டில் மாஸ்க் முடிந்தாலும் இதே வித்தைதான். 10.27.45.9/22 என்றால் மாஸ்க் 255.255.252.0. 256-ல் 252 போனால் 4. 45-ஐத் தாங்கும் பங்கு 44-ல் தொடங்கும். 10.27.44.0 முதல் 10.27.47.255 வரை, 1024 முகவரிகள்.

எந்த பிளாக்கை எடுப்பது

உள்ளே பயன்படுத்த மூன்று வரம்புகள் பொதுவாக விடப்பட்டிருக்கின்றன: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. 1996-இல் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் வகுத்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். 192.168.0.0/24, 192.168.1.0/24 இரண்டையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு ரூட்டர்களில் பல பெட்டியிலிருந்து வரும்போதே அவற்றில்தான் வருகின்றன. கணக்காளர் வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் தனிப் பாதை) போட்டு உள்ளே வரும்போது, வீட்டிலும் 192.168.1.10, அலுவலகத்திலும் 192.168.1.10 என்றால் அவர் கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

பொது முகவரி வேறு கதை. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் இந்தத் தீவுகளுக்கும் ஐபி முகவரி பங்கிடும் ஆஃப்ரிநிக் நம் ரோஸ் ஹில்லுக்குப் பக்கத்திலேயே எபெனில்தான் இருக்கிறது. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்து கடைசி ஐந்து /8 பிளாக்குகளை ஐந்து வட்டார அமைப்புகளுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தது 2011 பிப்ரவரி 3 அன்று. ஆஃப்ரிநிக்கிலும் கையிருப்பு வற்றி, 2020 ஜனவரி முதல் ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் /22 என்றாகிவிட்டது. அதாவது மேலே கணக்குப் போட்ட அந்த 1024. பொது முகவரி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வீசத்தையும் பார்த்துச் செலவழிப்பது இதனால்தான்.

எங்கள் கட்டிடத்துக்கு ஏன் ஒரே ஒரு /24 என்று கேட்கலாம். இதை நடத்தும் சங்கத்துக்குத் தீவில் ஐந்து இடங்கள். ஐந்தையும் விபிஎன் மூலம் இணைத்தபோது 10.27.40.0/21 என்று ஒரு பெரிய பிளாக் எடுத்தோம். 40 முதல் 47 வரை எட்டு /24. ஐந்து இடங்களுக்கு 40 முதல் 44 வரை. 45-உம் 46-உம் வருங்காலத்துக்கு. 47 என்பது இந்த இடங்களுக்கு நடுவே ஓடும் இணைப்புகளுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே வரியில் அடங்கும், ரூட்டர் வழி பார்க்கும் ரூட்டிங் அட்டவணை நீளாது. ரோஸ் ஹில்லுக்கு விழுந்தது 10.27.40.0/24.

ஒரே கட்டிடம், விபிஎன் எதுவும் இல்லை, 10-இல் தொடங்கும் வரம்பு முழுவதும் உங்கள் கையில் என்றால், இவ்வளவு கஞ்சத்தனம் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முழு /24 கொடுத்துவிடுங்கள். படிக்க எளிது, தவறும் குறைவு. பிளாக் அளவானதாகக் கையில் வந்து சேரும்போதுதான் கீழே சொல்லும் கணக்கு அவசியமாகிறது. ஆனால் அதைத் தெரியாமல் நெட்வொர்க் வேலைக்குப் போகக் கூடாது.

முதல் படி: எண்ணுங்கள்

ரூட்டரைத் தொடுவதற்கு முன் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி வாருங்கள். உத்தேசமாகச் சொல்லாதீர்கள். எங்கள் கட்டிடத்தில் நான் எழுதியது:

அலுவலகத்தில் 4 கணினி, 2 பிரிண்டர், 1 கார்டு மெஷின், 1 ஐபி போன். மொத்தம் 8, கேட்வேயோடு 9.

மாடி வகுப்பில் 22 கணினி, பிள்ளைகள் கொண்டுவரும் டேப்லெட் இருபது. 42, கேட்வேயோடு 43.

கேமரா 16, பதிவுப் பெட்டி 1. கேட்வேயோடு 18.

சுவிட்ச் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) 2, ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) 2. கேட்வேயோடு 5.

வந்தவர்களின் வைஃபை: காவடி அன்று ஒரே நேரத்தில் எழுபது கைபேசி.

எழுபது என்பதை நான் ஊகித்து எழுதவில்லை, அன்று ஆக்சஸ் பாயின்ட்களில் இணைந்திருந்த எண்ணிக்கையைப் பார்த்து எழுதினேன். சாதாரண வெள்ளிக்கிழமை பதினைந்தைத் தாண்டாது. ஆனால் நெட்வொர்க்கைக் காவடிக்கு அளந்துதான் போட வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு அளந்தால் அதே வரிசை மறுபடி வாசலைத் தாண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் எந்தப் பின்னம்

எழுபதுக்குக் கால் பங்கு போதாது, அதில் 62 தான். ஆகவே அரை. 43-க்குக் கால். 18-க்கு வீசம் போதாது, அதில் 14, ஆகவே அரைக்கால். 9-க்கு வீசம். 5-க்கு அரைவீசம்.

கூட்டிப் பாருங்கள்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். 128 + 64 + 32 + 16 + 8 = 248. முழுசில் இன்னும் ஓர் அரைவீசம் மிச்சம். இந்தக் கணக்கு 256-ஐத் தாண்டியிருந்தால் இந்த இடத்திலேயே நின்று, எதைக் குறைப்பது அல்லது எங்கே போய் இன்னொரு பிளாக் கேட்பது என்று பேச வேண்டும். தாளில் தாண்டினால் செலவில்லை.

மூன்றாம் படி: பெரியதை முதலில் வையுங்கள்

ஒரு பங்கு தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். 64 அளவுள்ள பங்கு 0, 64, 128, 192 ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே தொடங்கும். 160-இல் ஒரு /26 தொடங்குகிறது என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறு. 160 என்பது 128-இல் தொடங்கும் காலுக்கு நடுவில் இருக்கிறது.

சிறியதை முதலில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அலுவலகம்தானே முக்கியம் என்று அதன் வீசத்தை 0-இல் வைத்தேன் என்று கொள்ளுங்கள். அரைக்கு 16-இல் இடமில்லை, 128-க்கு ஓட வேண்டும். இப்போது 16 முதல் 127 வரை துண்டு துண்டாகக் கிடக்கும். மற்றவற்றை அதற்குள் எங்கே நுழைப்பது என்று ஒவ்வொன்றாக மடங்கு பார்த்துத் தேட வேண்டும். பெரியதிலிருந்து சிறியதற்கு வந்தால் ஒவ்வொன்றும் தானாகவே சரியான இடத்தில் வந்து உட்காரும். பானையில் கல்லையும் மணலையும் போடுகிறவர் கல்லை முதலில் போடுவதுபோல.

வைஃபை விருந்தினர்: 10.27.40.0/25. கேட்வே .1, கருவிகள் .2 முதல் .126, பிராட்காஸ்ட் .127
வகுப்பு: 10.27.40.128/26. கேட்வே .129, கருவிகள் .130 முதல் .190, பிராட்காஸ்ட் .191
கேமரா: 10.27.40.192/27. கேட்வே .193, கருவிகள் .194 முதல் .222, பிராட்காஸ்ட் .223
அலுவலகம்: 10.27.40.224/28. கேட்வே .225, கருவிகள் .226 முதல் .238, பிராட்காஸ்ட் .239
சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட்: 10.27.40.240/29. கேட்வே .241, கருவிகள் .242 முதல் .246, பிராட்காஸ்ட் .247
மிச்சம்: 10.27.40.248/29

ஒவ்வொரு பங்கிலும் முதல் பயன்படும் முகவரியைக் கேட்வேக்கு வைத்திருக்கிறேன். கடைசியை வைப்பவர்களும் உண்டு. எதுவானாலும் கட்டிடம் முழுக்க ஒரே வழக்கம் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு ஏதோ உடைந்து நீங்கள் தூக்கக் கலக்கத்தில் உட்காரும்போது அதன் அருமை தெரியும்.

நான்காம் படி: தெருவுக்கு நடுவே சுவர்

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். வேறு வேறு சப்நெட் முகவரி கொடுத்துவிட்டு எல்லாக் கேபிளையும் ஒரே சாதாரண சுவிட்ச்சில் செருகினால் பிரிந்ததாக ஆகாது. பிராட்காஸ்ட் எல்லோருக்கும் போய்ச் சேரும். முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவைக்கும் யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. வைஃபையில் வந்த ஒருவர் கையால் அலுவலக வரம்பில் ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டால் நேராக அலுவலகத்தில் நிற்பார். சுவர் எழுப்புவது விலான், அதாவது ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி சுவிட்ச்சுகள்போலப் பிரிக்கும் வசதி.

விலான் தெரிந்த சுவிட்ச் வேண்டும். விருந்தினருக்கு 10, வகுப்புக்கு 20, கேமராவுக்கு 30, அலுவலகத்துக்கு 40, சுவிட்ச் மேலாண்மைக்கு 50 என்று எண் கொடுத்தேன். கணினி, பிரிண்டர், கேமரா செருகும் போர்ட் ஒவ்வொன்றும் ஒரே விலானுக்கு மட்டும். ரூட்டருக்குப் போகும் போர்ட், இன்னொரு சுவிட்ச்சுக்குப் போகும் போர்ட், ஆக்சஸ் பாயின்ட் போர்ட் ஆகியவை டிரங்க், பல விலான்களை அடையாளச் சீட்டோடு சுமந்து போகும். ரூட்டரில் ஒவ்வொரு விலானுக்கும் ஒரு துணை இன்டர்ஃபேஸ் திறந்து, அதில் அந்தப் பங்கின் கேட்வே முகவரியையும் மாஸ்க்கையும் போட வேண்டும். இணைய நிறுவனம் கொடுக்கும் ரூட்டர்களில் பல இதைச் செய்வதில்லை. அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரூட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சஸ் பாயின்ட்டில் இரண்டு வைஃபை பெயர்கள்: ஒன்று விலான் 10-க்கு, இன்னொன்று 20-க்கு. விருந்தினர் பெயரில் ஒருவர் கைபேசி இன்னொருவர் கைபேசியைப் பார்க்காதபடி தடுக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாற்றத்தை நேரில் உட்கார்ந்து செய்யுங்கள், உங்கள் கணினி செருகியிருக்கும் போர்ட்டைக் கடைசிக்கு விடுங்கள். அதை முதலில் மாற்றினால் நீங்களே வெளியே நின்றுவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு எத்தனை நேரம்

டிஎச்சிபியில் ஐந்து பங்குக்கும் தனித்தனி. விருந்தினருக்கு .2 முதல் .126 வரை, வாடகைக் காலம் ஒரு மணி நேரம். வந்து போகிறவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. இருப்பவர் கைபேசி பாதி நேரம் ஆனதும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இப்போதைய கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த அடையாள எண்) பதிலாகத் தாங்களே உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. ஆக ஒரே கைபேசி இரண்டு பேராக வந்து நிற்கவும் கூடும். காலத்தைக் குறைவாக வைக்க இது இன்னொரு காரணம்.

வகுப்பில் .130 முதல் .139 வரை நிலையான கருவிகளுக்கு விட்டுவிட்டு, .140 முதல் .190 வரை கொடுக்க. எட்டு மணி நேரம். கேமராக்களுக்கு மேக் முகவரியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரே முகவரி என்று பதிந்துவைத்தேன். பதிவுப் பெட்டி கேமராவை முகவரி வைத்துத்தான் தேடுகிறது, அது மாறினால் படம் நின்றுவிடும். அலுவலகப் பிரிண்டர்கள் .230, .231. கணினிகளுக்கு .232 முதல் .238.

ஆறாம் படி: யார் யாரிடம் பேசலாம்

ரூட்டர் சும்மா இருந்தால் ஐந்து பங்குகளையும் ஒன்றோடொன்று பேசவிட்டுவிடும். அதுதான் அதன் வேலை. தடுப்பது ஃபயர்வால். எங்கள் விதிகள் சுருக்கமானவை. விருந்தினர் இணையத்துக்குப் போகலாம், கேட்வேயிடம் முகவரியும் டிஎன்எஸ்ஸும் (இணையப் பெயரை ஐபி முகவரியாக்கித் தரும் சேவை) கேட்கலாம், 10.27.40.0/21-க்குள் வேறு எங்கும் போக முடியாது. கேமராக்கள் இணையத்துக்குப் போக முடியாது, வகுப்பிலிருந்து அவற்றைத் திறக்கவும் முடியாது. வகுப்பிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் ஒரே வழி .230 பிரிண்டர். சுவிட்ச்சுகளைத் தொட அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். ஆகவே அனுமதிக்கும் குறுகிய விதி மேலே, தடுக்கும் பரந்த விதி கீழே.

பிரிண்டர் கதை

எல்லாம் முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். "தம்பி, கீழே ஆபீஸ்ல பிரிண்ட் வருதாம். மாடியிலருந்து கொடுத்தா வரவே மாட்டேங்குது." மறுநாள் போய் ஃபயர்வால் விதியைப் பார்த்தேன், சரி. கேபிளை மாற்றினேன், சரியாகவில்லை. இரண்டு மணி நேரம் போனது. பிறகு பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போனேன். முகவரி 10.27.40.230. கேட்வே .225. மாஸ்க் 255.255.255.0. பழைய காலத்து மாஸ்க் அப்படியே கிடந்தது.

நடந்தது இதுதான். மாடியில் .142 கணினி அனுப்பியது ரூட்டர் வழியாகப் பிரிண்டருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பிரிண்டர் பதில் சொல்ல வேண்டும். தன் மாஸ்க்கால் மூடிப் பார்க்கிறது. 255.255.255.0-க்கு .142-உம் .230-உம் ஒரே தெரு. எனவே ரூட்டரிடம் கொடுக்காமல், அலுவலக விலானுக்குள்ளேயே '.142 யாரு?' என்று கூவுகிறது. அங்கே அப்படி யாரும் இல்லை. பதில் போகவே இல்லை. அலுவலகக் கணினிகள் உண்மையிலேயே அதே தெரு என்பதால் அங்கே மட்டும் வேலை செய்கிறது. மாஸ்க்கை 255.255.255.240 ஆக்கியதும் மாடியில் அடித்த தாள் கீழே விழுந்தது.

சில ரூட்டர்கள் ப்ராக்சி ஏஆர்பி, அதாவது வேறு தெருக்காரருக்காக ரூட்டரே பதில் குரல் கொடுக்கும் வசதியால் இந்தத் தவறை மூடி மறைத்துவிடும், அந்த ரூட்டரை மாற்றும் நாளில்தான் வெளியே வரும். மாஸ்க் அளவுக்கு மேல் குறுகினாலும் வேறொரு கோளாறு. வகுப்பில் .170 கணினிக்கு யாராவது 255.255.255.224 போட்டால் அது 160 முதல் 191 வரையே தன் தெரு என்று எண்ணும். கேட்வே .129 அதற்கு வெளியில் நிற்கும், வெளி உலகமே தெரியாது. 'ஒரு பக்கம் வேலை செய்கிறது, இன்னொரு பக்கம் இல்லை' என்று யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது மாஸ்க்தான். கையால் முகவரி போட்ட கருவிகளை ஒன்று விடாமல் போய்ப் பாருங்கள். பிரிண்டர், கார்டு மெஷின், பதிவுப் பெட்டி இந்த மூன்றில்தான் அது ஒளிந்திருக்கும்.

சோதிப்பது

விருந்தினர் வைஃபையில் உங்கள் கைபேசியை இணையுங்கள். .2 முதல் .126-க்குள் முகவரி வர வேண்டும், இணையம் திறக்க வேண்டும், .230-க்குப் பிங் (எதிரே ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) போகக் கூடாது. மாடியிலிருந்து ஒரு தாள் அடியுங்கள். மாடியிலிருந்து கேமராவைத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்து மாஸ்க்கையும் கேட்வேயையும் தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு மெயினை அணைத்துப் போட்டு எல்லாம் தானாக எழுந்து சரியான முகவரியோடு வருகிறதா என்று பாருங்கள். காவடி அன்று கவிழ்த்தது அந்த ஒரு நொடி மின்தடைதான், அதனால் இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை.

ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 வந்துவிட்டால் இந்த வீசக் கணக்குகளுக்கு வேலை குறைவு. ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு /64, அதில் எண்ணி முடியாத முகவரிகள். ஆனால் விலானும் ஃபயர்வாலும் அங்கேயும் இதே மாதிரிதான்.

மிச்சமிருந்த அரைவீசம்

.248/29-ஐ நான் சும்மா விட்டுவைக்கவில்லை. அது .240/29-க்கு அடுத்த வீடு. இரண்டும் சேர்ந்தால் 240-இல் தொடங்கும் ஒரு வீசம், 240 என்பது 16-இன் மடங்கு. சென்ற ஆண்டு வாசலுக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் வந்தது, ஆறு முகவரியும் நிரம்பியது. பிறகு கேமராக்களுக்கு மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் புதிய சுவிட்ச் ஒன்று வாங்கினார்கள். அதற்கு இடமில்லை. ரூட்டரிலும் பழைய ஐந்து கருவிகளிலும் மாஸ்க்கை 248-லிருந்து 240 ஆக்கினேன். ஒரு முகவரியும் மாறவில்லை, கேட்வே .241 அப்படியே. முன்பு பிராட்காஸ்ட்டாக இருந்த .247 சாதாரண முகவரியாகிவிட்டது, புதிய சுவிட்ச்சுக்கு அதையே கொடுத்தேன். மிச்சப் பங்கை வேறு எங்காவது வைத்திருந்தால் எல்லாக் கருவிக்கும் முகவரி மாற்றியிருக்க வேண்டும்.

தாளை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று மாடி வகுப்பின் அலமாரியில். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்த பிறகு, கீழ்த்தளத்தில் மட்டும் எதையும் வைப்பதில்லை. புதிய சுவிட்ச் வந்த அன்று இரண்டு தாளிலும் 248 என்பதை அடித்துவிட்டு 240 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுவிட்டு வந்தேன்.